கணக்கில் வராத குஞ்சுச் சிப்பிகள்

1975 மார்ச் 12, புதன்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். காற்று அநேகமாக இல்லை. கிழக்கே மட்டும் மெல்லிய மேகம். மேல்தண்ணீரின் வெப்பம் இருபத்தெட்டரை டிகிரி. இவ்வளவும் என் நோட்டில் இருக்கிறது. மை மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. அந்த நிமிடத்தில்தான் மச்சினன் தண்ணீரில் குதித்தார்.

என் மச்சினன் இல்லை. எங்களுக்காகக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துக் கொடுத்த குளியாளின் மனைவிக்குத் தம்பி. குளியாளை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். வயது ஐம்பதை ஒட்டி. கத்தோலிக்கர், முப்பது வருடம் சங்கு குளித்தவர். அவர் இறங்கும்போது மேலே கயிறு பிடிப்பது மச்சினனின் வேலை. அன்று அண்ணாச்சிக்குச் சளி. சளியோடு இறங்கினால் காது அடைத்து வலி உயிர் போகும் என்பதால் கயிறு கை மாறிற்று. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகால நோன்பு என்று அவர் பீடியை வேறு விட்டிருந்தார். அதனால் காலையிலிருந்தே எல்லோர் மேலும் எரிச்சல்.

நான் அப்போது பல்கலைக்கழகத்து உயிரியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். வயது இருபத்தைந்து. மாதம் இருநூற்றைம்பது ரூபாய் உதவித்தொகை, மூன்று வருடத்துக்கு. அதில் இரண்டு வருடம் ஏழு மாதம் தீர்ந்துவிட்டிருந்தது. கல்லூரி தன் கடற்கரை ஆய்வுக்கூடத்தைத் தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், வைத்திருந்தது. இரண்டு அறைகள், ஒன்பது நுண்ணோக்கிகள். அவற்றில் மூன்றின் திருகுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அசையவே அசையாது. தராசு மழைக்காலத்தில் ஒரு கிராம் கூடுதலாகக் காட்டும், அதை நாங்களே கழித்துக்கொள்ள வேண்டும். ஃபார்மலின் நெடி சோற்றிலும் அடிக்கும்.

எங்கள் கல்லூரியின் பெருமை, எதையும் கையால் செய்து கற்பது. பேராசிரியர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். முதலாண்டு மாணவன்கூட நண்டின் ஓட்டைத் தானே பிரித்து, உள்ளே இருப்பதைத் தானே வரைய வேண்டும். அச்சான படத்தைப் பார்த்து வரைந்தால் கண்டுபிடித்துவிடுவார். அவரிடம் ஆறு வருடம் படித்தவன் நான். என் இரண்டு உள்ளங்கைகளிலும் சிப்பி ஓடு கீறிய தழும்புகள் அப்போது பதினேழு. கையால் செய்தேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வு ஒரு சிறிய முத்துச்சிப்பிப் பாரைப் பற்றியது. கடலடியில் சிப்பிகள் ஒட்டி வாழும் பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். கரையிலிருந்து வள்ளத்தில் ஒன்றேகால் மணி நேரம், ஆழம் நாலு பாகம், அதாவது இருபத்து நாலு அடி. மாதம் இரண்டு முறை போவோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் இரும்புக் கம்பியால் செய்த கட்டம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்குவோம். அண்ணாச்சி மூழ்கி, கட்டத்துக்குள் கிடக்கும் சிப்பிகளை எல்லாம் வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒரு பயணத்துக்கு ஆறு இடங்கள். நான் வள்ளத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். அவர் எத்தனை விநாடி மூச்சடக்கினார் என்பதையும் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறிப்பேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் எண்ணக்கூடிய ஒன்றை எண்ணாமல் விட என்னால் முடிவதில்லை.

1974 பிப்ரவரியிலிருந்து பதின்மூன்று மாதம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றினால் நான்கு பயணங்கள் தவறிப்போயின. மிச்சம் இருபத்திரண்டு. நூற்று முப்பத்திரண்டு கட்டங்கள். மூவாயிரத்து நாற்பத்தொரு சிப்பிகள். ஒவ்வொன்றுக்கும் நீளம், உயரம், தடிமன், எடை என்று நான்கு அளவு, ஆக பன்னிரண்டாயிரத்து நூற்று அறுபத்து நான்கு எண்கள். அத்தனையிலும் மிகச் சிறிய சிப்பியின் நீளம் நாற்பத்தொரு மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

அதுதான் என் கண்டுபிடிப்பு. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பாரில் புதிய குஞ்சு ஒன்றும் ஒட்டவில்லை, இருப்பவை கிழடாகிச் செத்தால் பார் காலி. பேராசிரியர் மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தார். கூட்டலில் பிழை இல்லை. முகம் மலர்ந்து ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரையும் அனுப்பிவிட்டார். ஜூலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால், கல்லூரியில் காலியாகும், செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். ஆற்றங்கரையில் எங்கள் அப்பாவுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் வயல், நாங்கள் ஐந்து பிள்ளைகள். அந்த வேலை எனக்கு என்ன என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆய்வேட்டில் பாதிக்கு மேல் தட்டச்சாகிவிட்டது. மார்ச் மாதக் கணக்கும் ஒன்று இருக்கட்டும், பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது என்று நான்தான் இருபத்து மூன்றாவது பயணத்தைக் கேட்டு வாங்கினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

மச்சினன் முப்பத்தொரு விநாடியில் மேலே வந்துவிட்டார். வலைப்பையை நான் இழுத்தேன். வழக்கத்தைவிடக் கனம். வள்ளத்தில் கொட்டியதும் பெரிய சிப்பிகள் சரிந்தன. அவற்றின் மேலும் இடையிலும், விரல் நகம் அளவுக்கு, நூல் போட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குஞ்சுகள். கைநிறைய அள்ளலாம் போல.

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணாச்சி மச்சினன் மேல் பாய்ந்தார்.

“ஏலே, என்னத்தலே அள்ளிக்கிட்டு வந்திருக்க? சிறுசை எடுக்கலாமா? நீயெல்லாம் சங்குக்குப் போனவன்தானா?”

மச்சினன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “கட்டத்துக்குள்ள கெடந்ததை அள்ளச் சொன்னாவ, அள்ளுனேன். பொறுக்கிக்கிட்டு கெடக்க ஒங்கள மாதிரி எனக்கென்ன ரெண்டு நெஞ்சா இருக்கு?”

“வாய் மட்டும் நாலு பாகம் நீளத்துக்கு இருக்கு. கொண்டு போயி எடுத்த எடத்துலயே போட்டுட்டு வா.”

சொல்லிக்கொண்டே அவர் குஞ்சுகளை உள்ளங்கையில் சேர்த்துக் கடலில் விடப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று மாதத்தில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“அண்ணாச்சி, இந்தக் குஞ்சு நீங்க எறங்கும்போதும் கீழ கெடக்குமா?”

“கெடக்காம? கொள்ளையா கெடக்கும்.”

“அத நீங்க எடுக்க மாட்டியளா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. “சிறுசை எவனாவது எடுப்பானா, தம்பி? கிட்டங்கியில இரும்பு வளையம் வச்சிருப்பான். சங்கு அதுக்குள்ள நொழஞ்சு விழுந்துட்டுன்னா சிறுசு. கூலி கெடையாது, வசவு வேற. மறுபடி கடல்லதான் போடணும். பதினெட்டு வயசுல பழகுன கையி. கண்ணு பாக்கதுக்கு முன்னாலயே கை ஒதுக்கிரும்.”

கட்டத்துக்குள் ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேனே என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

“வைக்கலியே. கட்டத்துக்குள்ள சிறுசு கெடந்தா ஒங்க கணக்கு கெட்டுருமேன்னு, ஒண்ணொண்ணா பிச்சு வெளிய பாறை ஓரமா வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். நூலு அறுந்துராமப் பிய்க்கணும், இல்லன்னா செத்துப்போவும். அதுக்குத்தான் எனக்கு அம்புட்டு நேரம்.”

நான் நோட்டைத் திறந்தேன். அண்ணாச்சியின் சராசரி ஐம்பத்தெட்டு விநாடி. நூற்று முப்பத்திரண்டு தடவையும் எழுதி வைத்திருக்கிறேன். சில இடங்களில் சிப்பி பத்தொன்பதுதான் வந்திருக்கும், நேரம் எழுபது விநாடி ஆகியிருக்கும். குறைவாக எடுப்பதற்கு ஏன் அதிக நேரம் என்று ஒரு முறை தோன்றியது. ஆய்வேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் அதற்கு நானே காரணமும் எழுதியிருந்தேன்: குளியாளின் வயது.

சட்டையைக் கழற்றினேன். கடிகாரத்தைக் கழற்றி மச்சினனிடம் கொடுத்தேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்பது புரிந்ததும் இருவருமே தடுத்தார்கள். ஆற்றில் நீந்தியவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றார் அண்ணாச்சி. தண்ணீர் குடிச்சா கணக்கு வச்சிக்கிடுங்க என்றார் மச்சினன். அண்ணாச்சியின் முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி இறங்கினேன். இரண்டு பாகத்திலேயே காதுக்குள் ஆணி இறங்கியது. மூன்றாவதில் இடது காதில் ஏதோ விட்டது. வலி போய், சூடாக ஒரு நீர் உள்ளே ஓடியது. அடி தெரிந்தது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்ணும் நேரம் அங்கே இருந்தேன். பாறை எங்கும், பெரிய சிப்பிகளின் முதுகிலும்கூட, பழுப்புப் பொடியைத் தூவியது போலக் குஞ்சுகள். அவற்றை எண்ண முடியாது. வாழ்நாளில் நான் எண்ண முயலாத ஒரே இடம் அது.

மேலே வந்து வாந்தி எடுத்தேன். இருபத்தாறு விநாடி என்றார் மச்சினன். அதையும் எழுதினேன்.

மிச்சம் ஐந்து இடங்களிலும் அவரையே இறக்கி, இருந்ததை எல்லாம் அள்ளச் சொன்னோம். அண்ணாச்சி கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். ஆறு கட்டத்திலும் சேர்த்துப் பெரியவை நூற்று இருபத்தொன்று. நாற்பது மில்லிமீட்டருக்குக் கீழே எண்ணூற்று ஆறு.

பதின்மூன்று மாதத்தில் அந்தப் பாரை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பது அன்று கரைக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. வள்ளத்துக்கு வந்ததை எல்லாம் எண்ணினேன். வராததை எண்ண நினைக்கவே இல்லை. நண்டு ஓட்டை மாணவனே பிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த கல்லூரியில், கடலடியை மட்டும் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியரிடம் சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் நான் சரியாகத் தூங்கியது மொத்தம் முப்பது மணி நேரம் இருக்கலாம். காது சீழ் பிடித்திருந்தது, அது ஒரு காரணம். பத்தாம் நாள் நோட்டையும் இரண்டு பாட்டில் குஞ்சுகளையும் அவர் மேசையில் வைத்தேன். அவர் ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்த மனிதர். அன்று அவருக்கு வயது கூடிவிட்டது போல இருந்தது.

“இப்ப என்ன செய்யலாம்ங்கற?”

“ஒரு வருஷ டேட்டா திரும்ப எடுக்கணும் சார்.”

“மெத்தட்ஸ்ல ஒரு லைன் போடு. நாற்பது மில்லிமீட்டருக்குக் கீழே சேகரிக்கப்படலைன்னு. அது பொய் இல்லையே?”

“அது பொய் இல்ல சார். கன்க்ளூஷன் பொய்யாயிரும்.”

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எல்லா ஆய்விலும் இப்படி ஒரு வரி ஒளிந்துகொண்டிருக்கிறது என்றார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், “வேகன்ஸி உனக்காக ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருக்காதுப்பா.”

இதை நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு வேலைக்குப் போகத்தான் நான் விரும்பினேன். இரண்டு நாள் முயன்றும் பார்த்தேன், தாளில் எழுதியும் வைத்தேன். ஆனால் என்னைத் தெரியும் எனக்கு. பேருந்துக்காரர் ஐந்து பைசா குறைத்துக் கொடுத்தால் அன்று முழுவதும் அதுவே மனதில் ஓடும். கூடக் கொடுத்தாலும் அப்படித்தான். தப்பென்று தெரிந்த ஒரு கணக்கை அட்டை போட்டு, மேலே என் பெயரைப் பொன் எழுத்தில் அச்சடித்து, அலமாரியில் வைத்துவிட்டு முப்பது வருடம் அதே கட்டடத்தில் நடமாட என்னால் ஆகாது. சுபாவம், அவ்வளவுதான். அதனால் எனக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

கருத்தரங்குக் கட்டுரையைத் திரும்பப் பெற ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. பேராசிரியர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். “குளியாளின் கவனக்குறைவினால்” என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வந்தது. அங்கே கை நின்றது. அந்தக் கடிதத்தின் நகல் கல்லூரி அலுவலகத்துக்கும் போகும். போனால் தினக்கூலிப் பட்டியலில் அண்ணாச்சி இருக்க மாட்டார். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட, அந்த வாக்கியமும் தப்பான கணக்கு. அந்தப் பதின்மூன்று மாதத்தில் கவனமாக இருந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு மூச்சுக்குள் எத்தனையோ குஞ்சுகளை நூல் அறாமல் இடம் மாற்றி வைத்தவர். நான் வேறு மாதிரி தட்டினேன்: மாதிரி எடுத்த இடத்தை ஆய்வாளர் நேரில் பார்க்கவில்லை. பேராசிரியர் படித்தார். இது உன் மேலேயே விழுகிறதே என்றார். விழட்டும் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

உதவித்தொகை ஜூலையோடு நின்றது. கல்லூரி வள்ளத்துக்கும் ஆளுக்கும் இனிப் பணம் தராது, இடத்தையும் தராசையும் வேண்டுமானால் தரும். முத்தையாபுரத்தில் ஏழு பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்தேன். நான்கு நாள் பேருந்து, மூன்று நாள் நடை. வள்ளத்தில் இருந்த அண்ணாச்சியிடம் போய், இனி என் கைப்பணம்தான், பழைய கூலிக்கு வர முடியுமா என்று கேட்டேன். குறைத்துக்கொள்வார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அவர் நாடியைச் சொறிந்தார்.

“ஒரு ரூவா கூடத் தாங்க. சிறுசையும் எடுக்கணும்னா, ஒவ்வொரு தடவையும் கையை நாந்தான தடுக்க வேண்டியிருக்கு. அது எனக்கு வேலைதான்.”

கொடுத்தேன். மச்சினன் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடிற்று.

இருபது பயணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது நானும் இறங்கினேன், புண்பட்ட இடது காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு. டாக்டர் கூடாது என்றார், மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் பணம் வாங்கினார். இடது காது அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. இப்போது தொலைபேசியை அந்தப் பக்கம் வைத்தால் வீட்டில் கத்துகிறார்கள்.

இரண்டாவது வருடத்துக் கணக்கு என்ன சொன்னது? எல்லாப் பாரையும் போல அங்கேயும் வருடத்தில் இரண்டு முறை குஞ்சு ஒட்டுகிறது, பெரும்பாலானவை வளரும் முன்பே செத்துப்போகின்றன. புதிதாக ஒன்றும் இல்லை. ஆய்வேட்டைத் திருத்தியவர் “முன்பே அறிந்தவற்றை உறுதிசெய்கிறது” என்று ஒரே வரியில் எழுதிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். பட்டம் 1977இல் வந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு இரண்டு வருடம் முன்பே வேறொருவர் சேர்ந்துவிட்டார். திறமைசாலி. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இருந்தாலும் என்ன ஆகப் போகிறது. நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியரானேன், முப்பத்தொரு வருடம்.

சில வருடம் கழித்து மச்சினனைப் பேருந்தில் பார்த்தேன். அந்தப் பாரை மணல் மூடிவிட்டதாம், சிப்பியும் இல்லை, குஞ்சும் இல்லை என்றார். முதல் ஆய்வேட்டையே கொடுத்திருந்தால் நான் சொன்னது பலித்திருக்கும் என்று இறங்கும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். காரணம் தப்பு, முடிவு சரி. அப்படி எத்தனை ஆய்வேடுகள் அலமாரிகளில் இருக்கின்றனவோ, அதை எண்ண எனக்கு இப்போது தெம்பு இல்லை.

கிடைக்காத சம்பளத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு நாளும் என் பணமாக இருந்ததில்லை. காதுக்கு விலை தெரியாது, அதனால் அதையும் விட்டுவிடுகிறேன். கையிலிருந்து போனது மட்டும்: வள்ளத்துக்குப் பதினெட்டு, அண்ணாச்சிக்குப் பதின்மூன்று, மச்சினனுக்கு எட்டு, ஆக ஒரு பயணத்துக்கு முப்பத்தொன்பது, இருபது பயணத்துக்கு எழுநூற்று எண்பது. பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பதிவை நீட்டிக்க நூற்று இருபத்தைந்து. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் மறுபடி தட்டச்சு, பக்கத்துக்கு அறுபது பைசா. காது டாக்டருக்கு இருபத்தாறரை. மொத்தம் ஆயிரத்து ஐம்பத்தெட்டு ரூபாய் எழுபது பைசா.